கோடரிக்கு முன் ஒரு திர்ஹம்

 



நமது மஹல்லாக்களில் ஈகை அற்றுப் போய்விடவில்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் வாயிலில் நீளும் கைகளில் எதையேனும் வைக்காமல் நாம் கடந்து போவதில்லை. ரமளான் வந்துவிட்டால் ஜகாத், சதகா, ஃபித்ரா என்று வசதியுள்ளோர் வீட்டு வாசல்களில் வரிசை நிற்கிறது. அல்ஹம்து லில்லாஹ்! ஆனால், கையில் காசை வைத்தால் தீராத வறுமை ஒன்றும் நம்மிடையே இருக்கிறது. அது ஏழை வீட்டு இளைஞனின் வேலையில்லா வறுமை.

அவன் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்திருப்பான். உடலில் வலுவுண்டு, உழைக்க மனமும் உண்டு. வேலை கேட்டுப் போகும் இடத்திலெல்லாம் அவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, அனுபவம் உண்டா என்பதுதான். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால் அவன் எங்கே போவான்? முதலாளியின் மகனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தந்தையின் கடையிலேயே அவன் தொழில் பழகிவிடுகிறான். முதலாளியின் நண்பர் மகனுக்கும் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் அவனுக்கு நாற்காலி கிடைத்துவிடுகிறது. தகப்பனை இழந்தவனுக்கும், கூலிக்காரர் மகனுக்கும், கணவனால் கைவிடப்பட்டுப் பிள்ளைகளோடு நிற்கும் சகோதரிக்கும் பரிந்து பேச யார் இருக்கிறார்கள்?

இந்த வறுமைக்கு மார்க்கம் காட்டும் மருந்து என்ன? பெருமானார் (ஸல்) அவர்களின் திருச்சமூகத்திற்குச் சென்று பார்ப்போம்.

விற்கப்பட்ட விரிப்பும் கிண்ணமும்

அன்சாரிகளைச் சேர்ந்த ஏழை ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் யாசகம் கேட்டு வந்தார். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்சம்பவம் அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இடம் பெற்றிருக்கிறது. உமது வீட்டில் எதுவும் இல்லையா என்று அண்ணலார் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் முரட்டுத் துணி ஒன்றும், தண்ணீர் குடிக்கும் கிண்ணம் ஒன்றும் இருப்பதாக அவர் சொன்னார். இரண்டையும் கொண்டுவரச் செய்து, சபையோரிடம் தாமே ஏலம் கூறினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஒருவர் ஒரு திர்ஹத்திற்குக் கேட்டார். அதற்கு மேல் தருவார் உண்டா என்று இரண்டு மூன்று முறை கேட்டு, இரண்டு திர்ஹத்திற்கு விற்றார்கள்.

அந்த இரண்டு திர்ஹத்தை என்ன செய்யச் சொன்னார்கள் என்பதைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். ஒன்றுக்கு உணவு வாங்கி வீட்டாரிடம் கொடுத்துவிடும்படியும், மற்றொன்றுக்குக் கோடரி வாங்கி வரும்படியும் பணித்தார்கள். அவர் வாங்கி வந்ததும், தமது முபாரக்கான கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்றுவரும்படியும், பதினைந்து நாட்கள் தம் கண்ணில் படக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். தவணை முடிந்து அவர் வந்தபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார். கொஞ்சத்தில் துணியும், கொஞ்சத்தில் உணவும் வாங்கியிருந்தார். யாசகத்தின் வடு முகத்தில் தெரிய மறுமையில் வந்து நிற்பதைவிட இது உமக்கு மேலானது என்று அண்ணலார் அவரைத் தேற்றினார்கள்.

இச்சம்பவத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பிச்சை எடுக்காதே, உழைத்துப் பிழை என்று ஏழைக்கு உபதேசிப்பதற்கே பெரும்பாலும் இதை எடுத்தாளுகிறோம். ஆனால் இதில் ஏழைக்குச் சொல்லப்பட்டதைவிட, ஏழைக்குச் செய்யப்பட்டது அதிகம் அல்லவா? அவருடைய பொருளுக்கு நல்ல விலை கிடைக்க முயற்சி செய்யப்பட்டது. கருவி கொடுக்கப்பட்டது. கோடரிக்குக் காம்பு பொருத்தப்பட்டது. கால அளவு குறிக்கப்பட்டது. திரும்பி வந்தபோது விசாரிக்கப்பட்டது.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, முதல் திர்ஹம் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனது! கோடரிதான் அவரது வாழ்வை மாற்றப் போகிறது. என்றாலும் வீட்டில் அடுப்பெரியாமல் அவர் காட்டுக்குப் போக முடியாது என்பதை அண்ணலார் அறிந்திருந்தார்கள். தொழில் பழகப் போகும் ஏழைக்குக் கோடரி மட்டும் போதாது, கோடரிக்கு முன் ஒரு திர்ஹம் வேண்டும். இன்றைய நமது பேச்சின் கரு இதுதான்.

இன்றைய கோடரியும் இன்றைய திர்ஹமும்

நமது நாட்டில் தொழிற்சாலைகளிலும் நிறுவனங்களிலும் பணியிடத்திலேயே தொழில் பழகும் முறைக்குச் சட்டம் இருக்கிறது. 1961-ல் இயற்றப்பட்ட தொழில் பழகுநர் சட்டம் அது. அப்ரண்டிஸ் என்று நாம் பேச்சு வழக்கில் சொல்வது இதைத்தான். 2019-ல் அதன் விதிகள் திருத்தப்பட்டபோது, 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்று வகுக்கப்பட்டது. 4 பேர் வேலை செய்யும் சிறிய பட்டறையும் விரும்பினால் எடுக்கலாம். அவர்களுக்குத் தரவேண்டிய குறைந்தபட்ச மாத உதவித்தொகையும் அப்போது உயர்த்தப்பட்டது. ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு 5,000 ரூபாய், பத்தாவது முடித்தவருக்கு 6,000, பன்னிரண்டாவது முடித்தவருக்கு 7,000, பட்டதாரிக்கு 9,000 என்று அது நிர்ணயிக்கப்பட்டது. 2016-ல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், இந்த உதவித்தொகையில் 25 சதவிகிதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்கும் என்றும் ஏற்பாடாயிற்று.

2024 அக்டோபரில் பிரதமர் பணிப்பயிற்சித் திட்டம் வந்தது. வேலையிலும் முழுநேரப் படிப்பிலும் இல்லாத 21 முதல் 24 வயது வரையிலானோருக்குப் பெரிய நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒரு தடவை 6,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்தைத் தாண்டியவர்களும், ஐ.ஐ.டி. போன்ற உயர்ந்த கல்விக்கூடங்களில் பட்டம் பெற்றவர்களும் இதில் சேர முடியாது என்று நிபந்தனை வைத்தார்கள். வழியுள்ளவருக்கு வழி தானே கிடைக்கும், வழியற்றவருக்கே கதவு திறக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

உலகச் சட்டங்களும் கடைசியில் அந்த முதல் திர்ஹத்தின் அவசியத்தை ஒப்புக்கொண்டன என்பதற்காகவே இவற்றை விவரித்தோம். சம்பளமின்றி ஆறு மாதம் பழகு, அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் அந்த ஆறு மாதத்தையும் தாக்குப்பிடிக்கும். பேருந்துக் கட்டணத்திற்கும் மதியச் சோற்றுக்கும் வழியில்லாதவன் பத்தாம் நாளே நின்றுவிடுவான். நாமோ, அவனுக்குப் பொறுமை இல்லை என்று பழி சொல்லுவோம்! அவனுக்கு இல்லாதது பொறுமையா, ஒரு திர்ஹமா?

பயிற்சி என்ற பெயரில் அநீதி

சகோதரர்களே! இந்த விஷயத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பயிற்சி என்பது நல்ல சொல். அந்த நல்ல சொல்லின் நிழலில் ஏழையின் உழைப்பு திருடப்படுவதும் உண்டு.

மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் நடந்த சுமங்கலித் திட்டம் என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழைக் குமரிப் பெண்களைப் பயிற்சியாளர் என்ற பெயரில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து விடுதிகளில் தங்க வைத்தார்கள். முடிவில் கலியாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். நோயாலோ களைப்பாலோ இடையில் வீடு திரும்பியவர்களில் பலர் அந்தத் தொகையை இழந்தனர். சில மாதங்களில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைக்கு மூன்றாண்டுகள் பயிற்சி என்று பெயர் வைத்தால், அது பயிற்சியா, மலிவுக் கூலியா?

ஆலைகளை மட்டும் சொல்வானேன்? நமது கடைகளிலும் பட்டறைகளிலும் இதைக் காணலாம். தொழில் பழகவென்று வந்த பையன் இரண்டு வருடமாக டீ வாங்கி வருகிறான், கடையைப் பெருக்குகிறான், முதலாளி வீட்டுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கிறான். கருவி மட்டும் அவன் கைக்கு வருவதே இல்லை. கேட்டால், தொழில் சொல்லித் தருகிறோமே, அதுவே பெரிது என்பார்கள். எதைச் சொல்லித் தந்தார்கள்?

கியாமத்து நாளில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் எச்சரித்திருக்கிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் வருகிறது. அல்லாஹ்வின் பெயரால் வாக்களித்துவிட்டு மோசடி செய்தவன் ஒருவன். சுதந்திர மனிதனை விற்று அந்தக் காசைத் தின்றவன் மற்றொருவன். கூலிக்கு ஆளமர்த்தி வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன் மூன்றாமவன். மனிதனை விற்றவனுக்கும் கூலி கொடுக்காதவனுக்கும் ஒரே வரிசையில் இடம்! அந்த நீதிமன்றத்தில், இவன் வேலைக்காரன் அல்ல, பயிற்சியாளன்தான் என்ற வாதம் எடுபடுமா?

மத்யனில் நடந்த ஒப்பந்தம்

வேலைக்கு அமர்த்தும் முறையைத் திருமறையே நமக்குக் காட்டித் தருகிறது. அல்கஸஸ் அத்தியாயத்தில் வரும் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். மிஸ்ரிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள், ஊர் புதிது, உறவு இல்லை, தொழில் இல்லை, பசி வேறு. மத்யன் நகரத்துக் கிணற்றடியில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலில் ஒதுங்கினார்கள். அந்தப் பெண்களில் ஒருவர்தான் தம் தந்தையிடம் பரிந்து பேசினார். இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்குச் சிறந்தவர் என்ற கருத்தில் அவர் சொன்னார். அந்நியரான ஓர் இளைஞருக்காக ஒரு வாய் திறந்தது. ஒரு நபியின் வாழ்வில் பத்தாண்டுக் காலத்திற்கு அது வழியமைத்தது.

அந்தப் பெரியவரும் மறைத்து எதையும் பேசவில்லை. எட்டு ஆண்டு வேலை, பத்தாக நிறைவு செய்தால் அது உமது விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். காலம் தெரிந்தது, கைம்மாறு தெரிந்தது, கட்டாயம் எது, விருப்பம் எது என்பதும் தெரிந்தது. இஜாரா எனும் கூலி ஒப்பந்தத்தில் கூலியும் வேலையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நமது ஃபிக்ஹு நூல்கள் வலியுறுத்துவதும் இதையே அல்லவா?

ஆகவே ஒருவரைத் தொழில் பழக எடுக்கும் முதலாளி, நான்கு விஷயங்களை முதல் நாளே காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எத்தனை மாதம்? மாதம் எவ்வளவு? எந்தெந்த வேலை கற்றுத் தரப்படும்? முடிவில் வேலை உண்டா, அல்லது சான்றிதழ் மட்டும்தானா? வேலை தர முடியாது என்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுவது குற்றமல்ல. நம்பிக்கை காட்டி ஏமாற்றுவதே குற்றம்.

கற்றுக்கொள்பவன் தவறு செய்வான்

புதிதாகப் பழகுபவன் கை தவறும். ஆம்பூரில் தோல் வெட்டப் பழகுபவன் ஒரு தோலைக் கோணலாக வெட்டிவிடுவான். கணக்கெழுதப் பழகும் பெண் ஒரு வரியை விட்டுவிடுவாள். அப்போது நம் நாக்கு என்ன செய்கிறது?

அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதிலேயே நாயகம் (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்து பத்தாண்டுகள் இருந்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் ஒரு தடவைகூடத் தம்மைச் சீ என்று சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய், ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கடிந்ததில்லை என்று அவர்களே பிற்காலத்தில் சாட்சியம் கூறினார்கள். அந்தப் பொறுமையின் நிழலில் வளர்ந்த சிறுவர்தான் பின்னர் ஆயிரக்கணக்கான ஹதீஸ்களைச் சமுதாயத்திற்கு வழங்கிய பெரியாராக ஆனார்கள்.

சேதமான பொருளின் விலையைப் பையனின் தொகையில் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. கூலிக்கு அமர்த்தப்பட்டவன் வரம்பு மீறாமலும் அலட்சியம் காட்டாமலும் வேலை செய்யும்போது நேர்ந்த சேதத்திற்கு அவன் ஈடு கட்டத் தேவையில்லை என்பதே மார்க்க மேதைகளின் தீர்ப்பு. பழகுபவன் விஷயத்தில் இன்னும் தாராளம் வேண்டாமா?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சிறந்த அமல் எது என்று அபூதர் (ரலி) அவர்கள் வினவியபோது, ஈமானையும் அறப்போரையும் அடிமையை விடுவிப்பதையும் சொன்ன பெருமானார், அதற்கு இயலாதவர் என்ன செய்வது என்று கேட்கப்பட்டதும், தொழில் செய்பவனுக்கு உதவுவதையும், தொழில் தெரியாதவனுக்காகச் செய்து கொடுப்பதையும் எடுத்துரைத்தார்கள். தொழில் தெரியாமல் தடுமாறுபவனுக்குக் கை கொடுப்பது எத்துணை உயர்ந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது!

அந்தக் கையை உடற்குறை உள்ளவருக்கும் நீட்ட வேண்டும். கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள் அண்ணலார். மதீனாவை விட்டு வெளியே சென்ற சமயங்களில் தம் பிரதிநிதியாகவும் அவர்களை நியமித்தார்கள். பாவம் என்று உச்சுக் கொட்டவில்லை, பொறுப்பைக் கொடுத்தார்கள்.

ஜமாஅத் செய்யக்கூடியது

திருமறை கூறும் ஜகாத்தின் எட்டுப் பிரிவினரில் முதலிடம் ஏழைகளுக்கும் வறியவர்களுக்கும்தான். அவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்று ஆராயும் இடத்தில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மஜ்மூஃ நூலில், தொழில் தெரிந்த ஏழைக்கு அவன் தொழிலுக்கான கருவிகளை வாங்கப் போதுமான அளவு கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் கருத்தை எழுதுகிறார்கள். பத்து ரூபாயைப் பத்துப் பேருக்குச் சில்லறையாக்கிக் கொடுத்து அடுத்த ரமளானிலும் அதே பத்துப் பேரை வரிசையில் நிறுத்துவது ஜகாத்தின் நோக்கமல்ல.

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். ஒரு பக்கத்தில் மஹல்லாவில் வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்கள், ஆதரவற்ற சகோதரிகள், உடற்குறையுள்ளோர் ஆகியோரின் பெயர், படிப்பு, விருப்பம். எதிர்ப் பக்கத்தில் மஹல்லாவாசிகளின் கடைகள், பட்டறைகள், அலுவலகங்கள், மருந்தகங்கள், அச்சகங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு மாதம் ஓர் ஆளுக்கு இடம் தர முடியுமா என்ற பதில். அரசுத் திட்டங்களுக்குக் கணினியில் விண்ணப்பிக்கத் தெரியாதவருக்கு, படித்த இளைஞர் ஒருவர் வாரம் ஒருநாள் மக்ரிபுக்குப் பிறகு அமர்ந்து உதவட்டும். அரசு ஐ.டி.ஐ.க்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திற்கும் கூட அழைத்துச் செல்லட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இமாமோ முதவல்லியோ, பழகப் போனவரை அழைத்து, என்ன கற்றாய், எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரிக்கட்டும்.

ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பத்திற்கு, பழகும் காலத்துச் சாப்பாட்டுக்கும் பயணத்திற்கும் ஜகாத்திலிருந்து கொடுக்கலாம். அதை அவர்களுக்கே உரிமையாக்கிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை! முதலாளி தாம் கொடுக்கக் கடமைப்பட்ட தொகையைத் தம்முடைய ஜகாத் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. வேலைக்கான கூலி வேறு, ஜகாத் வேறு. உழைத்தவனின் ஹக்கைக் கொடுத்துவிட்டு, அல்லாஹ்வின் கடன் தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

இளைஞர்களுக்கு

தொழில் பழகப் போகும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். மக்காவில் செல்வத்தை விட்டு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, மதீனத்து அன்சாரித் தோழர் சஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியையே கொடுக்க முன்வந்தார்கள். அவர்களோ, அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும் என்று துஆச் செய்து, கடைவீதிக்கு வழி காட்டச் சொன்னார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று மீண்டும் எழுந்தார்கள். தாவூத் (அலை) அவர்கள் தம் கைத்தொழிலால் உண்டார்கள். ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். எனவே எந்த ஹலாலான வேலையையும் இழிவென்று எண்ணாதீர்கள். நேரத்திற்குச் செல்லுங்கள். நம்பி ஒப்படைத்த பொருளை அமானத்தாகக் காத்துக் கொள்ளுங்கள். வலிமையும் நம்பிக்கையும் என்று மத்யனில் சொல்லப்பட்ட அந்த இரண்டு தகுதிகளுக்கு எந்தச் சான்றிதழும் ஈடாகாது. அடுத்து அந்த வாசலுக்கு வரும் ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறப்பதும் மூடுவதும் உங்கள் நடத்தையில்தான் இருக்கிறது.

வசதி படைத்த சகோதரர்களே! உங்கள் கடையில் ஓர் ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட இடமிருக்கிறதா? பரிந்து பேச ஆளில்லாத ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். கோடரியைக் கொடுங்கள். அதற்குக் காம்பு பொருத்த உங்கள் கை கூசாதிருக்கட்டும். அதற்கு முன், அவர் வீட்டு அடுப்புக்கு உரிய அந்த ஒரு திர்ஹத்தை மறந்துவிடாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்களில் வேலையற்றோருக்கு ஹலாலான வேலையையும், வேலை தருவோருக்கு நீதியான உள்ளத்தையும் தந்தருள்வாயாக! உழைப்பவரின் வியர்வை உலருமுன் அவருடைய ஹக்கைக் கொடுத்துவிடும் கூட்டத்தில் எங்களைச் சேர்ப்பாயாக! யாசிக்கும் கைகள் குறைந்து, கொடுக்கும் கைகள் பெருகிய மஹல்லாக்களாக எங்கள் மஹல்லாக்களை ஆக்கியருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!